அறுவை சிகிச்சைக்குத் தரும் கெட்டமின், போதைக்கு எடுத்தால் ஏன் ஆபத்து?

மருத்துவர்களே கொடுக்கும் மருந்துதானே என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்து ஒன்றுதான். அளவும், எத்தனை முறை என்பதும், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும்தான் வேறு.

1962இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட கெட்டமின் ஒரு மயக்க மருந்து. மூளையில் நரம்புச் செய்திகளை வாங்கும் என்எம்டிஏ ஏற்பிகளை அது அடைக்கிறது. வலி தெரியாது, ஆனால் மூச்சு பெரும்பாலும் சீராகவே ஓடும், ரத்த அழுத்தமும் விழாது. வசதி குறைந்த மருத்துவமனைகளுக்கு இது பெரிய வரம்.

அடிக்கடி எடுப்பவர்கள் முதலில் கவலைப்பட வேண்டியது சிறுநீர்ப்பையைப் பற்றி. உட்சுவர் புண்ணாகி, பை சுருங்கிவிடும். சிறுநீரில் ரத்தம், ஓயாத அவசரம், கடும் வலி. சீக்கிரம் நிறுத்தினால் பலருக்குச் சரியாகிறது. முற்றிவிட்டால் பையையே அகற்ற வேண்டிவரலாம். தயவுசெய்து வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மதுவோடு சேர்த்தால் மூச்சே அடங்கலாம்.

அப்புறம், மனச்சோர்வுக்கு 2019இல் அமெரிக்கா அனுமதித்த எஸ்கெட்டமின் (கெட்டமினின் ஒரு வடிவம்) மூக்கு ஸ்பிரேயைக்கூட வீட்டுக்குத் தருவதில்லை. மருத்துவமனையிலேயே எடுத்து, குறைந்தது 2 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.