காசநோய் மாத்திரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இரண்டே மாதத்தில் இருமல் நின்று, எடையும் ஏறிவிட்டது. இன்னும் நாலு மாதம் எதற்கு?

வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே பெரும்பாலும் செத்துவிடும். இருமலும் காய்ச்சலும் அடங்குவது அதனால்தான். பதுங்கிக் கிடக்கும் மிச்சத்தை அழிக்க நாளாகும். இப்போது விட்டால் நோய் திரும்பிவரும் வாய்ப்பு அதிகம். நிறுத்தாதீர்கள்.

கேள்வி: சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. பயமாக இருக்கிறது.

ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம். பயம் வேண்டாம்.

கேள்வி: மாத்திரை போட்டால் குமட்டுகிறது. பாதியாகக் குறைத்துக்கொள்ளட்டுமா?

எத்தனை நாளாக, சாப்பிட்ட பிறகா முன்பா, மது உண்டா என்று எதையும் எழுதாமல் கேட்டிருக்கிறீர்கள். பாதி மருந்து கிருமியைக் கொல்லாது, மருந்துக்குப் பழக்கிவிடும். அப்புறம் சாதாரண மருந்துகள் வேலை செய்யாது. அளவை மாற்றுவது மருத்துவர் வேலை, போய்ச் சொல்லுங்கள். ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நீங்களாக நிறுத்தலாம் என்று நான் சொல்வது இந்த மாதிரி ஆபத்து அறிகுறிகளுக்கு மட்டும்தான்.

கேள்வி: நான் செவிலியர். அலட்சியத்தால் பாதியில் விடும் நோயாளிகளை எப்படித் திருத்துவது?

முதலில் 'அலட்சியம்' என்ற சொல்லை விடுங்கள். பல வருடமாக இதற்காகச் சண்டை போடுகிறேன். வராமல் போனவரைக் கடன் கட்டாதவர் போல 'டிஃபால்ட்டர்' என்று எழுதிவந்தோம். உலக சுகாதார நிறுவனமே 2013இல் அந்தச் சொல்லை மாற்றிவிட்டது, நம் வாயில்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் வேலை பார்த்த ஒரு காசநோய் சிகிச்சை மையத்தில், கட்டட வேலை செய்பவர் ஒருவர் மூன்றாம் மாதம் வரவில்லை. 'ஒத்துழைக்கவில்லை' என்று பதிவேட்டில் எழுதிவிட்டார்கள். வீடு தேடிப் போனேன். தலையணை உறைக்குள்ளிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். கடைசி மாத்திரையைத் தீர்த்து ஒன்பது நாளாகியிருந்தது, காலி அட்டையைத் தூக்கிப் போடக்கூட அவருக்கு மனம் வரவில்லை. மையம் திறப்பது ஒன்பது மணிக்கு, அவர் வேலையில் நிற்க வேண்டியது ஏழு மணிக்கு. மருந்து வாங்க வந்தால் அன்றைய கூலி போச்சு, காரணம் தெரிந்தால் வேலையே போச்சு. மாலையில் மருந்து கொடுக்க ஏற்பாடு செய்தோம். முழுக் கோர்ஸையும் முடித்தார்.

இவரிடம் எதைத் திருத்துவீர்கள்? குமட்டல், குடிப்பழக்கம், வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம், மையத்தில் எல்லார் முன்னும் வாங்கிய ஒரு திட்டு என்று விடுவதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். முடித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், மாத்திரையை நினைவுபடுத்த வீட்டில் ஒருவரும், பெயர் சொல்லிக் கூப்பிட மையத்தில் ஒருவரும் இருந்திருப்பார்கள். அடுத்த முறை ஒருவர் வரவில்லையென்றால் அன்றைக்கே கூப்பிட்டு, "என்ன சிரமம்?" என்று கேளுங்கள்.

கேள்வி: மூன்று நாள் விட்டுப்போச்சு. சேர்த்து விழுங்கலாமா?

கூடாது. இன்றைய அளவை மட்டும் போட்டுக்கொண்டு மையத்தில் சொல்லுங்கள். மறைக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் ஒழுங்காக முடிப்பார் அல்லவா?

உடல்நிலை மோசமாக இல்லையென்றால் தேவையில்லை. வீட்டிலிருந்து மருந்து எடுத்தவர்களும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கியிருந்தவர்களைப் போலவே தேறினார்கள் என்று 1950களின் கடைசியில் சென்னையில் நடந்த ஆய்வே காட்டிவிட்டது. தினமும் அவர் மாத்திரை போடும்போது பக்கத்தில் உட்காருங்கள்.