கடிகாரம் மெதுவாவது தோற்றமா, மெய்யா?

கேள்வி: வேகமாகச் செல்லும் கடிகாரம் மெதுவாக ஓடும், அளவுகோல் சுருங்கும் என்கிறது ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கை. எங்கள் வீட்டு முகப்பில் நின்று பார்த்தால், வளவைத் தாண்டி இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போகப் போக நிலைகள் சிறுத்துக்கொண்டே போய், பின்தெருக் கதவு உள்ளங்கை அளவாகத் தெரிகிறது. சார்பியல் சொல்வதும் இத்தகைய தோற்றம்தானா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அன்று. பின்தெருக் கதவை அருகே போய் அளந்தால் அந்தச் சிறுமை மறைந்துவிடும். கடிகாரங்களையோ அருகருகே கொண்டுவந்து வைத்த பிறகும் வேறுபாடு அப்படியே நிற்கிறது. 1971-இல் ஹாஃபெல், கீட்டிங் என்னும் அமெரிக்க அறிவியலாளர்கள் அணுக் கடிகாரங்களை விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றிவந்தபோது, கிழக்கே சென்றவை தரைக் கடிகாரத்தைவிட ஏறத்தாழ 59 நானோ நொடி (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோ நொடி) பிந்தியும், மேற்கே சென்றவை 273 நானோ நொடி முந்தியும் இருந்தன. மேற்கே சென்றவை முந்தியதற்குக் காரணம், இதில் புவிச் சுழற்சியின் பங்கும், உயரத்தில் கடிகாரத்தை விரைவுபடுத்தும் ஈர்ப்புக் குறைவின் பங்கும் இருப்பதே. வேகத்தின் பங்கை மட்டும் காட்டுவதற்கு எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனத்த மியூவான் துகளே நல்ல சான்று: அசையாத நிலையில் சராசரியாக 2.2 மைக்ரோ நொடி மட்டுமே வாழும் அது, செர்ன் என்னும் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகத்து வளையத்தில் ஒளியை நெருங்கிய வேகத்தில் சுற்றியபோது ஏறத்தாழ 64 மைக்ரோ நொடி வாழ்ந்ததாக 1977-இல் முடிவு வெளியாயிற்று. யாரும் பார்த்துக்கொண்டிருப்பதால் துகளின் ஆயுள் நீள்வதில்லை.

கண்ணுக்குத் தெரிவது வேறு, அளந்து பெறுவது வேறு. ஒளி நம்மை வந்தடைய எடுக்கும் நேரத்தைக் கழித்த பிறகே சார்பியலின் கணக்கு தொடங்குகிறது. விரைந்து செல்லும் கோளம் சுருங்கியதாக அளவிடப்பட்டாலும், அதன் விளிம்பு கண்ணுக்கு வட்டமாகவே தெரியும் என்று 1959-இல் ரோஜர் பென்ரோஸ் என்னும் ஆங்கிலேயக் கணித இயற்பியலாளர் நிறுவினார்.

ஆயினும் நீளச் சுருக்கம் அந்தக் கோலுக்குள் மட்டும் நிகழும் மாற்றமும் அன்று. ஓடும் கோலை அளக்க அதன் இரு முனைகளையும் ஒரே கணத்தில் குறிக்க வேண்டும். எது ஒரே கணம் என்பதில் ஒன்றுக்கொன்று நகரும் இருவர் உடன்படமாட்டார்கள். அதனால்தான் இருவரும் மற்றவரின் கோலே குறுகியது என்று முரணின்றிச் சொல்ல முடிகிறது. இருவருக்கும் பொதுவாக நிற்பது, காலத்தையும் இடத்தையும் சேர்த்து 1908-இல் கணிதவியலாளர் மின்கோவ்ஸ்கி எடுத்துரைத்த வெளிநேர இடைவெளி, அதாவது இரு நிகழ்வுகளுக்கு இடையே காலமும் இடமும் இணைந்த தொலைவு. விமானத்தில் சென்ற கடிகாரம் காட்டியது வெளிநேரத்தில் அது கடந்த பாதையின் அளவையே. உண்மை நிலை என்று நீங்கள் கேட்பதை இங்கேதான் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டச்சு இயற்பியலாளர் லோரென்ட்ஸ் வேறு வழியில் சிந்தித்தார்: ஈதர் என்னும் அசையா ஊடகம் உண்டு, அதில் நகரும் பொருள்களே சுருங்குகின்றன என்றார். அவருடைய சமன்பாடுகளும் இதே விடைகளைத் தருவதால் சோதனையால் அக்கருத்தை மறுக்க இயலாது. ஆனால் எந்தச் சோதனைக்கும் அகப்படாத ஓர் அசையாமையை உலகின் அடித்தளமாக ஏற்க எனக்குக் காரணம் தென்படவில்லை.