ஒளியை முந்தும் கப்பல் வந்தால் தனுஷ்கோடிக் கடல் பொங்குமா?

கேள்வி: மண்டபத்தில் பிளஸ் டூ படிக்கிறேன். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு, ஒளியை விட வேகமாக வரும் விண்கப்பல் மாடல் செய்கிறோம். கப்பல் பூமிக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் தனுஷ்கோடிக் கடல் பொங்குகிற மாதிரி மோட்டார் பொருத்தியிருக்கிறோம். இது சரியா?

பதில்: மோட்டாரைக் கழற்றிவிடுங்கள், தம்பி. 1964 புயலின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆபத்து என்றதும் கடல்தான் ஞாபகம் வரும். ஆனால் இங்கே கடல் பொங்கக் காரணம் இல்லை.

1994-இல் மெக்சிகோ இயற்பியலாளர் மிகுவேல் அல்குபியேர் ஒரு கணக்குப் போட்டார். கப்பலைச் சுற்றி ஒரு குமிழி. அதற்கு முன்னால் விண்வெளியே சுருங்கும், பின்னால் விரியும். கப்பல் உள்ளே சும்மா இருக்கும், குமிழிதான் அதை ஒளியை முந்திக் கொண்டுபோகும். இதற்கு எதிர்மறை ஆற்றல், அதாவது வெற்றிடத்தில் இருப்பதையும்விடக் குறைவான ஆற்றல், ஏராளமாக வேண்டும், அதை உண்டாக்க யாருக்கும் வழி தெரியாது. இருந்தாலும் கணக்குப்படி, குமிழிக்கு வெளியே ஈர்ப்பு விசையே இல்லை. நிலா இழுப்பது போல அது கடலை இழுக்காது. குமிழியின் சுவரே பூமிமேல் பட்டால்தான் கதை வேறு.

உண்மையான ஆபத்து கப்பல் நிற்கும்போது. வழியில் சிதறிக் கிடக்கும் அணுத்துகள்கள் குமிழியின் முன்பக்கத்தில், கரைவலை மடியில் மீன் சேர்வது போலச் சேர்ந்துகொண்டே வரும். குமிழி நின்றதும் அவை பயங்கர ஆற்றலோடு நேர் முன்னால் பாயும் என்று சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் கணக்கிட்டார்கள். பயணம் நீள நீள ஆற்றலும் கூடும்.

நானும் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். 200 மீட்டர் அகலக் குமிழி, 4.2 ஒளியாண்டு தூரத்துப் பிராக்சிமா விண்மீனிலிருந்து வருகிறது. கன சென்டிமீட்டருக்கு 0.1 அணு என்றால், வழியில் இருப்பது மொத்தமே 200 கிராம் வாயுதான். அத்தனையும் சிக்கி, அதன் நிறைக்குச் சமமான ஆற்றல் மட்டும் ஏறினாலே ஹிரோஷிமா குண்டைப் போல 300 மடங்கு. உண்மையில் இதைவிட மிக அதிகமாகவே ஏறும்.

நிலாவிலும் செவ்வாயிலும் தடுக்கப் போதுமான காற்று கிடையாது. அடி நேராகத் தரையில் விழும். நமக்கு மேலே இருக்கும் காற்று 10 மீட்டர் தண்ணீருக்குச் சமமான கவசம், நிறையத் தாங்கும். ஆனால் கதிர்கள் மேல்காற்றின் நைட்ரஜனை உடைத்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகி ஓசோனை அரிக்கும். அப்புறம் புற ஊதாக்கதிர் கீழே இறங்கும். மன்னார் வளைகுடாவில் ஆழமில்லாத இடத்து நுண்பாசிக்கு அதுதான் கேடு. பாசி குறைந்தால் மீனும் குறையும். ஆக, அடி கடலுக்கும்தான், ஆனால் அலையாக வராது.

முன்கூட்டியே தெரியுமா என்றால், தெரியாது. கப்பல் தன் ஒளியையே முந்தி வந்துவிடுவதால் பாம்பனில் கூண்டு ஏற்றக்கூட நேரம் இருக்காது.

மாடலில் மோட்டார் இருந்த இடத்தில், கப்பலின் மூக்கிலிருந்து நீல எல்.ஈ.டி. ஒளியை நேர்க்கோட்டில் பாய விடுங்கள். கப்பலைத் திருப்ப ஒரு சுழல் மேடையும் வையுங்கள். மூக்கு பூமியைப் பார்த்தால் அடி, பக்கவாட்டில் குறிவைத்து வந்து நின்றால் அந்தப் பாய்ச்சல் நம்மைத் தொடாது. பார்க்க வருபவர்களையே திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.