பாலக்காட்டு எல்லையில் குடியை நிறுத்த ஏ.ஏ. குழு தேடுவது எப்படி?

கேள்வி: "கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரர் குடியை விடணும்னு அவராகவே சொல்கிறார். மலையாளம் புரியும், மனசுவிட்டுப் பேச வராது. எந்தக் குழுவில் சேரலாம்?"

காலையில் கை நடுக்கம் அடங்கவே ஒரு கிளாஸ் ஊற்றிக்கொள்கிறவரா அவர்? அப்படியென்றால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் குழு. வருஷக்கணக்காகத் தினமும் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள்வரை ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது, இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது என்று போனால் அது உயிருக்கே ஆபத்து. "கள்ளு மட்டும்தானே" என்று சித்தூர்ப் பக்கம் சொல்வார்கள். கள்ளிலும் இருப்பது அதே சாராயச் சத்துதான். அளவு கூடினால் இதே கதைதான். கேரள அரசின் போதை ஒழிப்புத் திட்டமான விமுக்தியின் சிகிச்சை மையம் பாலக்காடு மாவட்டத்துக்கு அமைந்தது அட்டப்பாடி கோட்டத்தறை அரசு மருத்துவமனையில். உங்களுக்கு ஆனைகட்டி சுற்றியோ மண்ணார்க்காடு சுரம் ஏறியோ போகிற தூரம். அதனால் விமுக்தியின் உதவி எண் 14405-ல் கூப்பிட்டு, பக்கத்தில் எந்த அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். தமிழில் பேச வேண்டுமானால் மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416.

இனி குழு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது, ஆதார் கேட்க மாட்டார்கள். உண்டியல் மாதிரி ஒரு பை சுற்றி வரும். புதிதாக வந்தவர் அதில் எதுவும் போட வேண்டியதில்லை. கேரளத்தில் பல கூட்டங்கள் சர்ச் ஹாலில் நடப்பதால் "மதம் மாற்றிவிடுவார்களோ" என்று வீட்டில் பயப்படுவது உண்டு. இடம் மட்டும்தான் அவர்களுடையது, ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல.

எல்லையில் இருப்பது இந்த விஷயத்தில் உங்களுக்கு வசதி. பாலக்காடு பக்கம் மலையாளக் கூட்டம், பொள்ளாச்சி, கோவை பக்கம் தமிழ்க் கூட்டம் என்று இரண்டு பக்கமும் தேடலாம். என் யோசனை, தமிழ்ப் பக்கமே பாருங்கள். கூட்டத்தில் வேலையே பேசுவதுதான். வெட்கமான விஷயத்தை யாரும் இரவல் மொழியில் சொல்ல மாட்டார்கள். சொந்த ஊரைத் தாண்டினால் "அவன் ஏன் அங்கே போறான்" என்று டீக்கடையில் பேச்சு கிளம்பாது என்பது கூடுதல் லாபம். ஆனால் கடைசி பஸ்ஸைப் பாருங்கள். கூட்டம் பெரும்பாலும் சாயங்காலம், ஒன்றரை மணி நேரம் போகும். பஸ் தவறி, ஸ்டாண்டில் தனியாக நிற்கும் அரை மணி நேரத்தில்தான் எதிரே இருக்கும் டாஸ்மாக் கண்ணில் படும்.

இணையத்தில் இருக்கும் பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். ஹால் மாறும், நேரம் மாறும், குழுவே நின்றுபோயிருக்கும். அதில் இருக்கும் ஏ.ஏ. நம்பரைக் கூப்பிட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். போனில் எடுப்பவர் அதிகாரி இல்லை, அவரும் குடியை விட்ட ஒருவர்தான். "போன வாரம் கூட்டம் நடந்ததா, எத்தனை பேர் வந்தார்கள், தமிழில் பேசலாமா, அடுத்தது திறந்த கூட்டமா" என்று கேளுங்கள். திறந்த கூட்டத்துக்கு நீங்களும் கூடப் போகலாம், மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். முதல் நாள் ஒருவர் வாசலில் வந்து கூட்டிப்போக முடியுமா என்றும் கேளுங்கள். பலர் ஹால் வாசல்வரை வந்து, உள்ளே நுழையாமலே திரும்பிவிடுகிறார்கள்.

ஒரு கூட்டத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம், ஐந்தாறு தடவை போகட்டும். நான் பார்க்கச் சொல்லும் அடையாளம் அவருடைய செல்போன்: மூன்று வாரம் ஆகியும் குழுவில் ஒருவர் நம்பர்கூட அதில் ஏறவில்லை என்றால் அந்தக் குழு அவருக்கு ஒட்டவில்லை. வேறு குழு பாருங்கள். ஒட்டினால், ஒரு வருஷத்துக்கு மேல் குடிக்காமல் இருக்கும் ஆண் ஒருவரை ஸ்பான்சராக, அதாவது கூடவே இருந்து வழிகாட்டும் மூத்த உறுப்பினராக, கேட்டுக்கொள்ளலாம். குடிக்கத் தோன்றினால் ஸ்பான்சரைக் கூப்பிட வேண்டியது குடிப்பதற்கு முன்னால். கேரளத்தில் ஒண்ணாந்தேதி கடை அடைப்பு, அன்றைக்கு வேலந்தாவளம் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக் கடைக்குப் போகும் கால்கள் அதிகம்; அந்த நாள் கூட்டம் இருந்தால் தவற விடாதீர்கள்.

பணம் வாங்கும் "குழு", டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் "குழு", ராத்திரி வேன் அனுப்பி ஆளைத் தூக்கிப்போகிறோம் என்கிற மையம், மூன்றும் வேண்டாம். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ன்படி, ஆட்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் பொடியும் வேண்டாம். அதில் டைசல்பிராம் (குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் மருந்து) இருந்து, அதன்மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம். டாக்டர் அதை எழுதித் தந்து, அவருக்குத் தெரிந்தே சாப்பிட்டாலும் வீட்டு அலமாரியில் இருக்கும் தசமூலாரிஷ்டத்தை எடுத்து வையுங்கள். அரிஷ்டத்திலும் ஆல்கஹால் உண்டு. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம்வரை அந்த எச்சரிக்கை தேவை.

உங்களுக்கென்று அல்-அனான் இருக்கிறது, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கானது. அவர் ஏ.ஏ.வுக்குப் போனாலும் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம். ஏ.ஏ. நம்பரில் பேசும்போதே அதன் கிழமையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.