"அருமை"க்கு அப்புறம் என்ன சொல்வது? கவிதை எழுதுகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

கவிதை எழுதுவது, பகிர்வது, அடுத்தவர் கவிதைக்குப் பதில் போடுவது பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நேற்று ராத்திரி ஒரு வரி போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன். நான் பேராசிரியை இல்லை. முறையாகத் தமிழ் படித்தவளும் இல்லை. பல வருடங்களாக இணையத்தில் மற்றவர்கள் கவிதைக்குக் கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்வதுதான் இதெல்லாம்.

கேள்வி: அக்கா, மூன்று மாதமாக எழுதிப் பகிர்கிறேன். "அருமை", "சூப்பர்", கைதட்டும் பொம்மை, இவைதான் வருகின்றன. சந்தோஷம்தான். ஆனால் நான் நன்றாக எழுதுகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை.

பதில்: அந்தப் பதில்களை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. "அருமை" என்றால் "பார்த்தேன், எழுதிக்கொண்டே இரு" என்று அர்த்தம், அவ்வளவுதான். அதை மட்டமாகச் சொல்லவில்லை. முதல் கவிதையைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்த ஒரு சொல்லின் அருமை. ஆனால் அதற்கு மேல் ஏதாவது வேண்டுமென்றால் நீங்கள் கேட்கிற விதம் மாற வேண்டும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும், வேறு என்ன சொல்வார்கள் பாவம். "எந்த வரியில் கவனம் நழுவியது?" என்று கேட்டுப் பாருங்கள். "கடைசி இரண்டு வரியை எடுத்துவிட்டால் புரியுமா?" என்று கேளுங்கள். நான் இன்னொன்றும் செய்வேன். இரண்டு நாள் கழித்து, படித்தவர் ஒருவரிடம், திரும்பப் பார்க்காமல் எந்த வரி நினைவில் இருக்கிறது என்று கேட்பேன். ஒரு தடவை நான் ராத்திரி முழுக்கச் செதுக்கிய உவமையை ஒருத்தருமே சொல்லவில்லை. இடத்தை நிரப்புவதற்காக எழுதிய ஒரு சாதாரண வரியை மூன்று பேர் சொன்னார்கள். இரண்டு நாள் மனசு சரியில்லை, அப்புறம் உவமையைத் தூக்கிவிட்டேன்.

கேள்வி: என் கவிதை இது.

அப்பாவின் சைக்கிள்
சுவரில் சாய்ந்திருக்கிறது
அவர் இல்லாத சோகத்தில்

மூன்றாவது வரி சரியில்லை என்று எனக்கே படுகிறது. மாற்றித் தாருங்களேன்.

பதில்: மாற்றித் தர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் மாற்றினால் அது என் அப்பாவின் சைக்கிளாகிவிடும். மூன்றாவது வரியில் என்ன நடக்கிறது என்றால், படிக்கிறவருக்கு வர வேண்டிய சோகத்தை நீங்களே முந்திக்கொண்டு சைக்கிளுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். முதல் இரண்டு வரியில் நான் அந்தச் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மூன்றாவதில் யாரோ வந்து "இது சோகமான காட்சி" என்று பலகை மாட்டிவிட்டுப் போனது போல இருக்கிறது. சரி, ஒன்று கேட்கிறேன். அந்தச் சைக்கிளில் இப்போது காற்று இருக்கிறதா?

அவர் எழுதியது: இருக்கிறது அக்கா. அம்மா வாரம் தவறாமல் தம்பியிடம் சொல்லிக் காற்றடித்து வைக்கிறார். யாரும் ஓட்டுவதில்லை.

பதில்: இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. மூன்றாவது வரி உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. எழுதிக்கொண்டு வாருங்கள், காத்திருக்கிறேன். (மற்றவர்கள் கவனத்துக்கு: பதில் எழுதத் தெரியவில்லையே என்று ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரு வரியை எடுத்துப் போட்டு அது உங்களை என்ன செய்தது என்று சொல்லுங்கள், இல்லையென்றால் அந்தக் கவிதைக்குள் இருக்கிற ஒரு பொருளைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். நீங்கள் படித்தீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும், அதைவிடப் பெரிய ஊக்கம் எனக்குத் தெரிந்து கிடையாது.)

கேள்வி: குறள் வெண்பா முயற்சி செய்தேன்.

மழைவந்து நின்றது வாசலில் நானோ
குடையில்லாமல் நின்றேன் தனி

"தளை தட்டுகிறது" என்று ஒருவர் எழுதிவிட்டுப் போய்விட்டார். எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

பதில்: எங்கே என்று சொல்லாமல் "தளை தட்டுகிறது" என்பது வைத்தியர் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போவது போல. போகட்டும், நாம் பிரித்துப் பார்ப்போம். (புதியவர்களுக்கு: அடியின் துண்டு சீர், சீரின் துண்டு அசை. தனிக் குறிலோ நெடிலோ வந்தால் நேர், இரு குறிலோ குறிலும் நெடிலுமோ சேர்ந்து வந்தால் நிரை, பின்னால் வரும் மெய்யெழுத்து கணக்கில் வராது. மா, விளம், காய் என்று முடிவதெல்லாம் சீர் வகைகளின் பெயர்கள். ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதம்தான் தளை.) மழை/வந்/து: நிரை நேர் நேர், புளிமாங்காய். காய் முன் நேர் வர வேண்டும், "நின்" வந்திருக்கிறது. நின்/றது கூவிளம், விளம் முன் நேர், "வா" சரி. வா/சலில் இன்னொரு கூவிளம், அடுத்து நா/னோ தேமா, அதுவும் சரி. மா முன் நிரை வேண்டும், அடுத்த அடி "குடை" என்று நிரையில்தான் தொடங்குகிறது. ஆக முதல் அடியில் ஒரு குறையும் இல்லை, நன்றாகவே செய்திருக்கிறீர்கள். ம-வ மோனைகூட (முதலெழுத்துப் பொருத்தம்) விழுந்திருக்கிறது, தெரிந்து செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ.

சிக்கல் இரண்டாம் அடியின் முதல் சீரில். குடை/யில்/லா/மல் என்று நான்கு அசை. வெண்பாவில் ஈரசைச் சீரும் காய்ச்சீரும்தான் வரலாம், நாலசைக்கு இடமே இல்லை. அதனால் தட்டுவது தளை இல்லை, சீர். "குடையின்றி" என்று மாற்றுங்கள்: குடை/யின்/றி, புளிமாங்காய். பிறகு நின்/றேன் தேமா, தனி என்பது நிரையசை, அதாவது மலர் என்னும் வாய்பாடு. முடிவும் சரி.

எதுகை (அடிகளின் இரண்டாம் எழுத்துப் பொருத்தம்) இல்லையே என்று அடுத்து யாராவது வருவார்கள். "நுழையாமல் நின்றேன் தனி" என்று எழுதினால் மழை-நுழை என்று எதுகை அழகாக வந்துவிடும், தளையும் கெடாது. ஆனால் குடை போய்விடும். குடையைக் கொடுத்து எதுகையை வாங்குவதா என்பது உங்கள் கணக்கு, நானாக இருந்தால் குடையை வைத்துக்கொள்வேன். "குணம்நாடிக் குற்றமும் நாடி" என்று தொடங்கும் குறளுக்கே இரண்டாம் அடி "மிகைநாடி" என்றுதான் ஆரம்பிக்கிறது, அடியெதுகை இல்லை. அசை பிரிக்கப் பழகும்வரை அவலோகிதம் என்ற யாப்பு மென்பொருளில் போட்டுச் சரிபார்க்கலாம், ஆனால் கையால் பிரித்த பிறகு போடுங்கள். இல்லையென்றால் காது பழகாது.

கேள்வி: ஹைக்கூ என்றால் 5-7-5 கட்டாயமா? எழுத்தை எண்ணுவதா, அசையை எண்ணுவதா?

பதில்: மூன்று வரிக்கு ஐந்து, ஏழு, ஐந்து என்ற அந்தக் கணக்கு ஜப்பானிய மொழியின் ஓசை அலகுக்கு உரியது, நம் எழுத்துக்கோ அசைக்கோ அப்படியே பொருந்தாது. அவர்கள் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று எண்ணுவார்கள். நாம் டோக்கியோ என்று சொல்கிற ஊர்ப்பெயர் அவர்கள் வாயில் தொ-ஒ-க்யொ-ஒ என்று நான்கு அலகு. நம் மாத்திரைக் கணக்கு கொஞ்சம் பக்கத்தில் வரும், ஆனாலும் அதே இல்லை. அதனால் தமிழில் பெரும்பாலும் மூன்று வரி, நடுவில் ஒரு வெட்டு (காட்சியோ நினைப்போ சட்டென்று மாறும் இடம்) என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எண்ணித்தான் எழுதுவேன் என்றால் எழுதுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை, ஆனால் எண்ணாதவரைப் பார்த்து "இது ஹைக்கூவே இல்லை" என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஜப்பானியக் கவிதையைப் பற்றிப் பாரதியார் சுதேசமித்திரனில் எழுதியது 1916இல். நூறு வருடம் தாண்டியும் நாம் இன்னும் எண்ணிக்கையில் நிற்கிறோம். இன்னொன்று, இங்கே ஹைக்கூ என்று போடுகிறவற்றில் பாதி மனிதர்களைக் கிண்டல் செய்வது. அதற்கு சென்ரியு என்று தனிப் பெயரே இருக்கிறது.

கேள்வி: என் கவிதையை ஒருவர் தன் பெயரில் போட்டுவிட்டார். கேட்டால் "இணையத்தில் கிடைத்தது" என்கிறார். நான் எங்கும் பதிவு செய்து வைக்கவில்லை.

பதில்: பதிவு தேவையில்லை. எழுதி முடித்த கணமே காப்புரிமை உங்களுடையது. 1886இல் ஏற்பட்ட பெர்ன் உடன்படிக்கையின் அடிப்படையே அதுதான், இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் அதில் உண்டு. ஆனால் உரிமை உங்கள் சொற்களுக்குத்தான், கருத்துக்கு இல்லை. மழையில் குடையில்லாமல் நிற்கிற நினைப்பு யாருக்கும் சொந்தமாகாது. முதலில் நீங்கள் போட்ட பதிவையும் அவர் போட்டதையும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு தனிச்செய்தியில் கேளுங்கள், பல பேர் அப்போதே பெயரைச் சேர்த்துவிடுவார்கள். சேர்க்கவில்லையென்றால் அந்தத் தளத்திலேயே புகார் செய்ய வழி இருக்கும். என் கவிதை ஒன்று சூரிய உதயப் படத்தோடு, காலை வணக்கமாக, எனக்கே திரும்பி வந்தது. பெயரும் இல்லை, கடைசி வரியும் இல்லை. அனுப்பியவர் "படித்ததில் பிடித்தது" என்று வேறு போட்டிருந்தார். கடைசி வரி இல்லாமல் கொஞ்சம் நன்றாகவே இருந்தது என்பதுதான் இன்னும் வலிக்கிறது.

கேள்வி: போட்டுவிட்ட கவிதையை இதழுக்கு அனுப்பலாமா?

பதில்: பல இதழ்கள் "வேறெங்கும் வெளிவராதது" என்று கேட்கும், இணையத்தில் போட்டதும் வெளிவந்ததாகவே கணக்கு. விதிமுறையைப் படியுங்கள். அனுப்ப நினைப்பதை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவது நல்லது.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் தாயை இழந்து ஒரு கவிதை போட்டிருக்கிறார். கவிதையாகப் பார்த்தால் சுமார். வழக்கமாக எல்லோருக்கும் குறைநிறை சொல்கிறவன் நான். இதற்கு என்ன எழுதுவது?

பதில்: குறையை இன்று எழுதாதீர்கள். கையறுநிலை என்று இதற்குத் துறையே வகுத்த மொழி நம்முடையது. செய்வதறியாமல் நிற்கிற நிலை என்று பெயரிலேயே இருக்கிறது. அப்படி நிற்கிறவரிடம் மூன்றாவது வரி நீளம் என்றா சொல்வது? ஆனால் வெறும் "ஆழ்ந்த இரங்கல்" மட்டும் போட்டாலும் அவர் எழுதியதை நீங்கள் படிக்கவே இல்லை என்றாகிவிடும். அவர் தாயைப் பற்றிச் சொல்லியிருக்கிற ஏதாவது ஒன்று, ஒரு பேச்சோ ஒரு பழக்கமோ, அதை எடுத்து "இதில் அவரைப் பார்க்க முடிந்தது" என்று எழுதுங்கள். சுமாரான கவிதையிலும் அப்படி ஒன்று இருக்கும். கொஞ்ச மாதம் போனதும் அவரே "இதைச் சரி செய்ய வேண்டும்" என்று எடுத்துக்கொண்டு வந்தால் அப்போது பேசலாம். வராமலே போனாலும் தப்பில்லை, சில கவிதைகள் சரி செய்வதற்காக எழுதப்படுவதில்லை.

கேள்வி: ஒருவர் என் கவிதையைக் கிழித்துத் தொங்கவிட்டார். எழுதுவதையே நிறுத்திவிட்டேன்.

பதில்: அவர் எழுதியதை ஒருவாரம் கழித்து எடுத்து, உங்களைப் பற்றிச் சொன்ன வாக்கியங்களை எல்லாம் அடித்துவிட்டு, வரிகளைப் பற்றிச் சொன்னதை மட்டும் படியுங்கள். ஒன்றுமே மிஞ்சவில்லையென்றால் அது விமர்சனம் இல்லை, கோபம். அவருக்கு அன்று வேறு என்ன பிரச்சினையோ. இரண்டு மூன்று மிஞ்சினால் அவற்றில் ஒன்றாவது சரியாக இருக்கும், என் அனுபவத்தில் நம்மைக் கடுப்பேற்றுகிறது எதுவோ அதுதான் சரியாக இருக்கும். அப்புறம் நிறுத்திவிட்டேன் என்கிறீர்களே, நிறுத்தியவர் இவ்வளவு நீளமான கேள்வி எழுத மாட்டார். (கேள்வியைச் சுருக்கிவிட்டேன், அவர் எழுதியது ஒரு பக்கம்.)

கேள்வி: எழுத்துப்பிழையைப் பொதுவில் திருத்தலாமா? "வாழ்த்துக்கள்" என்று பார்த்தாலே கை துறுதுறுக்கிறது.

பதில்: தனிச்செய்தியில் சொல்லுங்கள். பொதுவில் சொன்னால் கவிதை போய் ஒற்று மிகுமா மிகாதா என்று நாற்பது பதில் ஓடும். எனக்கும் "வாழ்த்துகள்"தான் பிடிக்கும், ஆனால் வாழ்த்துகிறவரை நிறுத்தி வைத்து இலக்கணம் சொல்ல மனசு வரவில்லை.

கேள்வி: மேடம், எங்கள் குழு தூங்கிவிட்டது. நூறு பேர் இருக்கிறார்கள், எழுதுவது நான்கு பேர். எப்படி எழுப்புவது?

பதில்: "தினமும் ஒரு கவிதை" என்று போட்டி வைக்காதீர்கள், ஜெயிக்கிற நான்கு பேரும் ஏற்கெனவே எழுதுகிற அதே நான்கு பேர்தான். அந்தாதி வையுங்கள். ஒருவர் முடிக்கிற சொல்லில் அடுத்தவர் தொடங்க வேண்டும், ஆளுக்கு இரண்டே வரி. தொடங்கச் சொல் கையில் இருப்பதால் வெற்றுத்தாளைப் பார்க்கும் பயம் போய்விடும். மரபு பழகுகிறவர்கள் இருந்தால் ஈற்றடி (கடைசி அடி) கொடுங்கள். மேலே ஒருவர் எழுதினாரே, "குடையின்றி நின்றேன் தனி", அவர் சம்மதித்தால் அதையே கொடுக்கலாம். குடை நிரையசை, அதனால் முதல் அடி மாச்சீரில் முடிய வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை... மற்ற வெண்பா விதிகள் போக.

அவர்: தாராளமாக! சந்தோஷம் மேடம்.

கேள்வி: நான் முதல்! இதோ:

கூட்டத்தில் எல்லோரும் கூடிச் சிரித்தார்கள்
குடையின்றி நின்றேன் தனி

தளை தட்டுகிறதா?

பதில்: தட்டுகிறது, எங்கே என்றும் சொல்கிறேன். கூட்/டத்/தில், எல்/லோ/ரும், கூ/டிச், எல்லாம் சரி. சிரித்/தார்/கள் காய்ச்சீர், அதை அடுத்து "குடை" என்று நிரை வந்ததில் வெண்பாவில் வரக்கூடாத கலித்தளை ஆகிவிட்டது. "சிரித்தார்" என்று நிறுத்தினால் புளிமா, மா முன் நிரை, முடிந்தது. கள்ளை விட்டுவிடுங்கள் தம்பி, தள்ளாட்டம் தானாக நின்றுவிடும்.