பூ விழுந்த காயும் பூமியின் நடுவும்

அன்புள்ள அண்ணாச்சி,

கடையம் பக்கம் தேங்காய் யாவாரம் பார்க்கிறேன். எட்டாவது படிக்கும் என் மகள், பூமியைக் குறுக்கே வெட்டிய படத்தைக் காட்டி, "இதுவரைக்கும் எவ்வளவு ஆழம் தோண்டியிருக்காங்க?" என்று கேட்டாள். தேடிப் பார்த்து 12 கிலோமீட்டர் என்றேன். "அப்போ ஆறாயிரம் கிலோமீட்டருக்குக் கீழ இரும்பு உருண்டை இருக்குன்னு யாரு போய்ப் பார்த்தா?" என்கிறாள். வியாழனுக்குத் தரையே கிடையாதாம். தரை இல்லாததைக் கோள் என்று எப்படிச் சொல்கிறார்கள்? அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மகள் சரியான இடத்தில் பிடித்திருக்கிறாள். அந்த மாதிரிப் படங்கள் மேல் எனக்கும் நெடுநாள் வருத்தம் உண்டு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வளையம் போட்டுவிட்டு, அது எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

பதில் உங்கள் கடையிலேயே கிடக்கிறது. உரித்த காயைக் கையில் எடுத்ததும் என்ன செய்கிறீர்கள்? ஏந்திக் கனம் பார்க்கிறீர்கள். அப்புறம் காதோரம் வைத்து ஆட்டுகிறீர்கள். நீர் நிறைய இருக்கிறதா, வற்றிப்போனதா, சதை சிரட்டையை விட்டுக் கழன்றுவிட்டதா என்பது அந்த ஆட்டலிலேயே தெரிந்துவிடுகிறது. உடைத்துப் பார்த்தா சொல்கிறீர்கள்?

பூமிக்கும் முதலில் கனம்தான் பார்த்தார்கள். 1798இல் இங்கிலாந்தில் கேவண்டிஷ் என்ற விஞ்ஞானி, ஈயக் குண்டுகள் ஒன்றையொன்று இழுக்கும் மிக நுண்ணிய விசையை அளந்து, பூமி தண்ணீரைப் போல ஏறத்தாழ ஐந்தரை மடங்கு அடர்த்தி என்று கண்டார். நம் காலடியில் கிடக்கும் பாறையோ இரண்டே முக்கால் மடங்குக்குள்தான் வருகிறது. மேலே லேசாக இருந்து மொத்தத்தில் கனமாக இருந்தால், நடுவில் மிகக் கனமான ஏதோ இருந்தாக வேண்டும்.

ஆட்டிப் பார்க்கிற வேலையை நிலநடுக்கம் செய்கிறது. அதிலிருந்து இரண்டு வகை அலைகள் பூமிக்குள் புறப்படும். ஒன்று முன்னும் பின்னும் நெருக்கித் தள்ளிக்கொண்டு போவது. மற்றது, கயிற்றை உதறினால் நெளிகிறதே, அப்படிப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு போவது. இந்த இரண்டாவது அலை திரவத்துக்குள் நுழையாது. தண்ணீரை நெருக்கினால் எதிர்க்கும், பக்கவாட்டில் இழுத்தால் வழுக்கி ஓடிவிடும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ஓல்டாம், 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்து இந்த அலைகளைப் பிரித்துக் காட்டினார். 1906இல், பூமியின் நடுவே வேறு பொருளாலான ஒரு கரு இருக்கிறது என்று அவரே சொன்னார். ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே இரண்டாவது அலை செத்துப்போகிறது. அங்கே இருப்பது உருகிய இரும்பு.

இனி உங்கள் மகள் கேட்ட அந்த உருண்டை. 1936இல் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கெ லேமன் என்ற பெண் விஞ்ஞானி, வரக்கூடாத இடத்தில் மெல்லிய அலைகள் வந்து சேர்வதைக் கவனித்தார். உருகிய இரும்புக்கு நடுவே ஏதோ ஒன்றில் பட்டு அவை திரும்புகின்றன என்றார். 1,220 கிலோமீட்டர் ஆரமுள்ள கெட்டி உருண்டை அது. அவ்வளவு சூட்டிலும் அதை உருகவிடாமல் வைத்திருப்பது அழுத்தம்.

பூ விழுந்த காய் பார்த்திருப்பீர்களே. சாமிக்கு உடைக்கும்போது பூ இருந்தால் வீடே சந்தோஷப்படும். நீரைக் குடித்துக் குடித்து அந்தப் பூ பெருப்பது போலவே, உருகிய இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக உறைந்து இந்த உருண்டையும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒரே வித்தியாசம், காயில் பூ கண் பக்கம் ஒட்டியிருக்கும். இது நட்டநடுவில் நிற்கிறது. ஓட்டின் தடிமனை மட்டும் காயை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பூமியைத் தேங்காய் அளவுக்குச் சுருக்கினால், ரஷ்யாவில் தோண்டிய அந்த 12 கிலோமீட்டர் ஒரு தாளின் தடிமன்தான் வரும்.

உருண்டையைச் சுற்றியுள்ள உருகிய இரும்பு புரண்டு ஓடுவதால்தான் பூமிக்குக் காந்தம். அதன் அடையாளம் நம் ஊரிலேயே இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிப் போகிறது. மேலும் கீழும் சாயும்படி ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டால், வடக்கே போகப் போகத் தலை கவிழும். இங்கே கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அமைந்ததற்கு அதுதான் காரணம். கோயில் சிற்பம் பார்க்கப் போகிறவர்கள் அதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

ஆழத்திலிருந்து வந்ததை நேரில் பார்க்க வேண்டுமானால், உவரி கடற்கரையில் செக்கச் செவேலென்று மணல் கோடு போட்டுக் கிடக்கும். கார்னெட் என்ற மணிக்கல்லின் துகள் அது. நம் மலைப் பாறைகள் கீழே பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து இறுகியபோது உண்டானது. மேலே இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கரைந்து போக, ஆழத்துச் சரக்கு வெளியே வந்துவிட்டது. இரும்புக் கருவோடு ஒப்பிட்டால் அதுவும் மேல்தோல்தான். ஆனாலும் கையில் அள்ளலாம்.

செவ்வாயிலும் இதே வித்தையைச் செய்தார்கள். 2018இல் இறங்கிய இன்சைட் கலம் நான்கு வருடம் தரையில் காதை வைத்துக் கேட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகள் பதிவாயின. அங்கும் உருகிய இரும்புக் கரு இருக்கிறது.

வியாழனில் காது வைக்கத் தரை இல்லை. 2016 முதல் ஜூனோ கலம் அதைச் சுற்றுகிறது. உள்ளே கனம் எப்படிப் பரவியிருக்கிறதோ அதற்குத் தக்கபடி கலத்தின் வேகம் துளித்துளியாகக் கூடும், குறையும். ரேடியோ அலை வழியாக அதை அளக்கிறார்கள். மாங்கொட்டை மாதிரி தனியாக ஒரு கரு இருக்கும் என்று முன்பு நினைத்தார்கள். கிடைத்ததோ பனம்பழம். பனம்பழத்தில் கொட்டை எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதல்லவா? நார் ஓடிக் கலந்திருக்கும். வியாழனின் கருவும் அப்படித்தான், சுற்றியுள்ள ஹைட்ரஜனோடு கரைந்து விரவிக் கிடக்கிறது.

தரை இல்லாதது கோளா என்றால், கோள்தான். 2006இல் பிராகாவில் கூடிய உலக வானியலாளர்கள் மூன்றே விஷயம் கேட்டார்கள்: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் உருண்டையாக இருக்க வேண்டும், தன் பாதையைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். புளூட்டோ மூன்றாவதில் விழுந்தது. தரையைப் பற்றிப் பேச்சே இல்லை.

எனக்கு இந்த வரையறையில் முழுத் திருப்தி கிடையாது. வியாழனின் நிலா கனிமீட் புதனைவிடப் பெரியது. இரும்புக் கருவும் சொந்தக் காந்தமும் அதற்கு உண்டு. சுற்றுவது வியாழனை என்பதால் நிலா என்று ஒதுங்கிவிடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துப் பிரிப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. இரும்பும் பாறையுமாகப் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய். ஹைட்ரஜனும் ஹீலியமுமாக வியாழன், சனி. யுரேனஸையும் நெப்டியூனையும் பனிக்கோள்கள் என்கிறார்கள். அந்தப் பெயரை மகள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நீரும் அமோனியாவும் மீத்தேனும் அழுத்தத்தில் நெருங்கிக் கொதிக்கும் திரவம் அது.

அடுத்த முறை பூ விழுந்த காய் அகப்பட்டால் விற்றுவிடாதீர்கள். மகள் கையில் கொடுத்து, முதலில் கனம் பார்க்கச் சொல்லி, அப்புறம் ஆட்டச் சொல்லி, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி வைத்த பிறகு உடையுங்கள். அவள் என்ன எழுதினாள் என்று எனக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி