கேட்டது படித்த கணக்கில் வருமா?

கேள்வி: கடந்த சில மாதங்களாக எனக்குப் புத்தகங்களோடுதான் பொழுது போகிறது. இரண்டு மூன்று நாவல்கள், வறுமையிலிருந்து மேலே வந்த ஒருவர் தானே வாசித்த சுயசரிதை, வேலை செய்துகொண்டே கேட்ட ஆடியோ புத்தகங்கள் என்று எல்லாமே பிடித்திருந்தன. நண்பர்கள் குழுவில் ஆசையாகச் சொன்னேன். "கேட்டதெல்லாம் படித்த கணக்கில் வராது" என்றார் ஒருவர். நான் அழுதுகொண்டே கேட்ட சுயசரிதையைப் "பாதி கட்டுக்கதை" என்றார் இன்னொருவர். நாவலைப் பற்றி வாயைத் திறந்தாலே "அது சும்மா டைம்பாஸ்" என்கிறார் எல்லாம் படித்த அண்ணன் ஒருவர். எனக்கோ "ரொம்ப நல்லா இருந்தது" என்பதற்கு மேல் வார்த்தை வருவதில்லை. என் ரசனைதான் சரியில்லையா? அடுத்து எதை எடுக்கட்டும்?
(பெயர் வேண்டாமே, ப்ளீஸ்.)

பதில்: சரி, பெயர் வேண்டாம். உங்கள் ரசனையில் ஒரு கோளாறும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நாவல், சுயசரிதை, ஆடியோ மூன்றின் மேலும் "ரொம்ப நல்லா இருந்தது" என்று ஒரே முத்திரையைக் குத்துகிறீர்கள் பாருங்கள், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஒன்றில் எழுத்து பிடித்திருக்கும், இன்னொன்றில் அந்த ஆளைப் பிடித்திருக்கும், வேறொன்றில் குரல் பிடித்திருக்கும். எது எங்கே என்று நீங்களே பிரித்துப் பார்க்காதவரை யாராவது ஒரு வார்த்தை சொன்னாலே உங்கள் கருத்து ஆட்டம் கண்டுவிடும். பிரித்து வைத்துக்கொண்டால் அவர்கள் சொல்வதில் எது உங்களுக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பது சட்டென்று தெரிந்துவிடும்.

கேட்டது கணக்கில் வராது என்றாரே, அவரிடமிருந்து ஆரம்பிக்கலாம். அவர் பக்கம் கால்வாசி நியாயம் இருக்கிறது, முக்கால்வாசி இல்லை. 1877இல் ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்க வைக்கும் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்த எடிசன், அடுத்த வருடமே அது எதற்கெல்லாம் பயன்படும் என்று ஒரு பட்டியல் எழுதினார். பார்வையற்றவர்களுக்கான பேசும் புத்தகங்கள் அதில் ஒன்று. பிரிட்டனில் 1935இல் பேசும் புத்தகங்கள் வெளியானதும் முதல் உலகப் போரில் பார்வை இழந்தவர்களை மனதில் வைத்துத்தான். முதலில் வந்தவற்றில் அகதா கிறிஸ்டியின் ஒரு துப்பறியும் நாவலும் இருந்தது. அவர்களிடம் போய் "நீங்கள் எதையும் படித்ததே இல்லை" என்று உங்கள் நண்பர் சொல்வாரா? மாட்டார். (செவிச்செல்வம் குறளை எடுத்து அவர் மேல் வீசலாம் என்று கை பரபரக்கும். வேண்டாம், பதிலுக்கு அவரும் ஒரு குறள் வைத்திருப்பார்.)

ஆய்வுகளும் இதைத் தொட்டிருக்கின்றன. ஒரே கதைகளைச் சிலருக்குக் கேட்கவும் படிக்கவும் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்த கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பொருளைப் புரிந்துகொள்ளும்போது மூளையில் நடப்பது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 2019இல் எழுதினார்கள். அதற்கு முன்பு 2016இல் வந்த இன்னொரு ஆய்விலும், கேட்டவர்கள், திரையில் படித்தவர்கள், இரண்டையும் ஒன்றாகச் செய்தவர்கள் என்று மூன்று குழுவுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லை. இனி அந்தக் கால்வாசி நியாயம். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே பாடத்தைக் கட்டுரையாகப் படித்த மாணவர்களைவிட ஒலிப்பதிவாகக் கேட்டவர்கள் தேர்வில் நன்றாகவே பின்தங்கினார்கள். 2013இல் இன்னொன்று: சத்தமாக வாசிப்பது, மௌனமாகப் படிப்பது, பிறர் வாசிக்கக் கேட்பது என்று மூன்றையும் ஒப்பிட்டபோது, மனம் அதிகமாக அலைந்தது கேட்கும்போதுதான்.

இதெல்லாம் முரண்பாடு மாதிரித் தெரியும், ஆனால் யோசித்தால் அப்படி இல்லை. படிக்கும்போது புரியாத வரிக்குக் கண் தானாகத் திரும்பிப் போகும், நமக்கே தெரியாமல். கேட்கும்போது குரல் நமக்காக நிற்காது. நாமாகக் கையை நீட்டிப் பின்னால் தள்ள வேண்டும், பாத்திரம் கழுவும் கையோடு யார் தள்ளுவது. கதை தானே இழுத்துக்கொண்டு போகும் புத்தகத்தில் இதனால் பெரிய நஷ்டம் வராது. நான்கு தலைமுறை, முப்பது பெயர், காலம் முன்னும் பின்னும் போகிற நாவல் என்றால் வரும். எனவே நண்பரிடம் சண்டை போடாதீர்கள், "எந்தப் புத்தகத்தைச் சொல்கிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள்.

ஆனால் ஆடியோ விஷயத்தில் உங்களை நான் கேட்க நினைப்பது வேறு. நீங்கள் ரசித்தது கதையையா, அதை வாசித்தவரையா? கடிதத்தில் ஒரு புத்தகத்துக்குக்கூட வாசித்தவர் யார், எப்படி வாசித்தார் என்று ஒரு சொல் இல்லையே. நல்ல குரல்காரர் சுமாரான வசனத்தில் ஓர் இடைவெளி விட்டு, ஒரு பெருமூச்சைச் சேர்த்து, எழுதியவர் கனவிலும் நினைக்காத ஆழத்தை அதற்குக் கொடுத்துவிடுவார். மாறாக, எல்லா வரியையும் அறிவிப்பு மாதிரி வாசிக்கிற ஒருவர் கையில் அருமையான நாவலும் செத்துப் போகும். நகைச்சுவை எழுத்துக்கு இந்த ஆபத்து இரண்டு மடங்கு. வேகத்தைக் கூட்டிக் கேட்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா என்று தெரியவில்லை. இருந்தால் முதலில் காணாமல் போவது அந்த இடைவெளிகள்தான். தகவல் புத்தகத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, நாவலை மட்டும் விட்டுவிடுங்கள். அப்புறம் இன்னொன்று, கேட்டது முழுப் புத்தகமா, சுருக்கிய வடிவமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். "துணைப் பாத்திரங்களுக்கு உயிரே இல்லை" என்று நாம் குறை சொல்லிக்கொண்டிருப்போம், அந்த உயிரையெல்லாம் சுருக்கியவர் வெட்டி எறிந்திருப்பார்.

குரலும் எழுத்தும் எங்கே பிரிகின்றன என்று கண்டுபிடிக்க எளிதான ஒரு வழி உண்டு. மிகவும் பிடித்த அத்தியாயத்தை அச்சுப் புத்தகத்திலோ மின்னூலிலோ எடுத்து, காதில் எதுவும் இல்லாமல், மௌனமாகப் பத்துப் பக்கம் படியுங்கள். அந்தக் குரல் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், அது கொஞ்சம் தொந்தரவுதான், நான்கைந்து பக்கத்தில் அடங்கிவிடும். அடங்கிய பிறகும் எழுத்து உங்களைப் பிடித்து வைத்திருந்தால் "எழுத்து நன்றாக இருக்கிறது" என்று யாரிடமும் தைரியமாகச் சொல்லலாம். பிடித்து வைக்கவில்லையென்றால் "வாசித்தவர் அருமை, எழுத்து பரவாயில்லை" என்று சொல்லுங்கள். அதுவும் முழுமையான கருத்துதான், சொல்லப்போனால் ஆடியோ வாங்க நினைப்பவருக்கு உங்கள் "ரொம்ப நல்லா இருந்தது"வைவிட ரொம்ப உபயோகமானது.

சுயசரிதை விஷயம் இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் அங்கே குரல் இன்னொரு வேலையும் செய்துவிடுகிறது. எழுதியவரே வாசிக்கிறார், அவர் குரல் உடைகிறது, நீங்கள் அழுகிறீர்கள். அந்த நேரத்தில் அவர் சொல்வது உண்மைதானா என்ற கேள்வி எழவே எழாது. அழுததில் தப்பில்லை, ஆனால் அழுகை சாட்சி ஆகாது.

அதற்காக உங்கள் நண்பரின் "பாதி கட்டுக்கதை"யை அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. அவர் எந்தப் பாதியைச் சொல்கிறார்? சுயசரிதையில் இரண்டு வகை மாற்றம் உண்டு. ஒன்று நினைவு தானாகச் செய்வது. உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில், தங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு பழங்குடிக் கதையை மக்கள் நினைவிலிருந்து திரும்பச் சொல்லும்போது, புரியாததை விட்டுவிட்டு மீதியைத் தங்களுக்குப் பழகிய மாதிரி மாற்றிச் சொல்கிறார்கள் என்று காட்டினார். முப்பது வருடத்துக்கு முன் அப்பா பேசிய பேச்சைச் சுயசரிதைக்காரர் மேற்கோள் குறிக்குள் ஒரு பக்கத்துக்கு எழுதுகிறார் என்றால், அந்த வார்த்தைகள் அப்படியே பேசப்பட்டவை என்று யாரும் நம்பிப் படிப்பதில்லை. இன்னொன்று தெரிந்தே செய்வது. ஜேம்ஸ் ஃப்ரே என்ற அமெரிக்கர் போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட கதையை 2003இல் சுயசரிதையாக வெளியிட்டார், பிரபல தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று தூக்கிப் பிடித்ததில் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. 2006 தொடக்கத்தில் குட்டு உடைந்தது. சில மணி நேரக் காவலை மாதக்கணக்கான சிறைவாசமாக எழுதியிருந்தார், இன்னும் பலவும் இட்டுக்கட்டியவை. பதிப்பகம் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: புத்தகத்தில் ஒரு வரிகூட மாறவில்லை, நேற்று அழுத அதே பக்கங்களைப் பார்த்துத்தான் இன்று கோபப்பட்டார்கள். "இது நடந்தது" என்று எழுதியவர் கொடுத்த வாக்கு உடைந்துவிட்டது, அவ்வளவுதான். ஃபிலிப் லெஜூன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1975இலேயே இதைச் சுயசரிதைக்காரருக்கும் வாசகருக்கும் இடையிலான ஒப்பந்தம் என்று சொல்லியிருந்தார்.

அதனால் நண்பரிடம் எந்தச் சம்பவம், என்ன ஆதாரம் என்று கேளுங்கள். ஆதாரம் காட்டினால் கருத்தை மாற்றிக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. காட்டாவிட்டால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம், நான் வழக்கமாகப் பார்ப்பது தவறுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதைத்தான். எல்லாச் சண்டையிலும் எழுதியவரே சரி, எல்லா உதவியும் அவர் செய்ததே, எல்லா அவமானமும் பிறரால் வந்ததே என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். மற்றவர்களை எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார் என்பதையும் பார்ப்பேன். உ.வே.சாமிநாதையர் 85 வயதை நெருங்கும்போது, 1940இல்தான் 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடனில் வாரத் தொடராக எழுதத் தொடங்கினார். 1942இல் அவர் மறைந்ததால் அது முடியாமலே நின்றுவிட்டது. தலைப்பில் 'என்' இருக்கிறது, ஆனால் படித்து முடித்தபின் மனதில் உட்கார்ந்திருப்பவர் அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தன்னைவிடப் பெரிதாக இன்னொருவரை நிறுத்த முடிந்த ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதையும் நான் நம்பத் தயார். உங்களை அழவைத்த புத்தகத்தில் எழுதியவரைத் தவிர வேறு யார் முகமாவது நினைவில் நிற்கிறதா? யோசித்துப் பாருங்கள்.

நாவல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அந்த டைம்பாஸ் அண்ணனை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தைப் புரட்ட வைப்பது ஒரு தொழில்திறமை, முயன்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். அவரிடம் "எந்த இடத்தில் சலித்தது அண்ணா?" என்று கேளுங்கள். படித்திருந்தால் இடத்தைச் சொல்வார், நல்ல பேச்சு ஒன்று தொடங்கும். படிக்கவில்லையென்றால் உடனே வேறு பெரிய நாவல் ஒன்றின் பெயரைச் சொல்வார், அதை நீங்கள் படித்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே.

வார்த்தை வரவில்லை என்கிறீர்களே, அதற்குத் திறனாய்வுச் சொற்களைத் தேடிப் போகாதீர்கள், "கட்டமைப்பு", "உத்தி" என்று ஆரம்பித்தால் நீங்கள் நீங்களாகப் பேச மாட்டீர்கள். ஓர் இடத்தைச் சொல்லுங்கள், போதும். "நடுவில் அந்த அம்மா பேசுவதையே நிறுத்திவிடுகிறாள், அவள் எப்போது வாயைத் திறப்பாள் என்று கடைசிவரை காத்திருந்தேன்" என்றால் கேட்பவருக்கு அந்த நாவல் என்ன மாதிரி என்று புரிந்துவிடும், முடிவும் வெளியே வராது. எப்படிப் படித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ஒரே மூச்சிலா, துண்டு துண்டாகவா, வேலைக்கு நடுவில் கேட்டா. வாரத் தொடராக எழுதப்பட்ட நாவலுக்கு ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் ஒரு கொக்கி இருக்கும். தினம் கொஞ்சமாகக் கேட்பவருக்கு அது சுகம், ஒரே நாளில் இருநூறு பக்கம் படிப்பவருக்கு எரிச்சல். இரண்டு பேர் ஒரே புத்தகத்தைப் பற்றி அடித்துக்கொள்வதில் பாதி இப்படித்தான் வருகிறது. முடித்த அன்றே இரண்டு வரி எழுதி வைத்து, ஒரு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். சில புத்தகங்களுக்கு அந்த இரண்டு வரியே நமக்குப் புரியாமல் போயிருக்கும், அவ்வளவு வேகமாகக் கரைந்திருக்கும்.

அடுத்து எதை எடுப்பது என்று கேட்டீர்கள். புத்தகத்தின் பெயர் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு மிகவும் பிடித்த ஆடியோ புத்தகத்தை எழுதியவரின் வேறொரு நூலை அச்சில் படியுங்கள். கூடவே, அந்த ஆடியோ புத்தகத்தை வாசித்தவர் வேறு யாருக்காவது குரல் கொடுத்திருந்தால் அந்த ஆடியோவைக் கேளுங்கள். இரண்டில் எது உங்களை இரவு தூங்கவிடாமல் வைத்தது என்று எனக்கு எழுதுங்கள். பெயர் போட மாட்டேன், ப்ளீஸ் எல்லாம் வேண்டாம்.